லேப்டாப் ஸ்டார்ட் ஆகலையா? விண்டோஸ் ரிப்பேரா, லைவ் பென்டிரைவா

பவர் பட்டனை அழுத்தினால் லைட்டே எரியவில்லை என்றால் அது வேறு கதை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியும் கழலும் மாடல் என்றால் அதையும் எடுத்துவிட்டு, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். அப்படியும் அசையாவிட்டால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். இங்கே நான் பேசுவது இன்னொரு ரகம்: லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, கம்பெனி லோகோவும் வருகிறது. அதன் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, டெஸ்க்டாப் மட்டும் வரவே இல்லை.

என் லேப்டாப் அப்படி நின்றபோது இரண்டு வழி இருந்தது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரிப்பேர் ஒன்று. பென்டிரைவில் லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஏற்றி, அதிலிருந்து மெஷினைக் கிளப்புவது இன்னொன்று; இதைத்தான் லைவ் பென்டிரைவ் என்கிறார்கள். நான் பென்டிரைவைத்தான் எடுத்தேன், யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

விண்டோஸ் ரிப்பேருக்குத் தனியாக எதுவும் வேண்டாம். ஸ்டார்ட் ஆவது அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை தடைப்பட்டால் ரிப்பேருக்கான நீலத் திரை பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். ஸ்டார்ட்அப் ரிப்பேர், சேஃப் மோட் (அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸைக் கிளப்புவது), கடைசி அப்டேட்டை நீக்குவது எல்லாம் அதிலேயே உண்டு. அப்டேட் முடிந்த கையோடு தகராறு ஆரம்பித்ததென்றால், அந்த அப்டேட்டை நீக்குவதே சுருக்கு வழி. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் நான் முடிவெடுத்தது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: உள்ளே இருக்கும் ஃபைல்கள் என்ன ஆகும்? விண்டோஸ் ரிப்பேர் வேலை செய்வது பழுதாகியிருக்கக்கூடிய அதே டிஸ்க்கின் மேல். விண்டோஸின் டிஸ்க் பரிசோதனைக் கருவியான செக்டிஸ்க்கை முழு ஸ்கேனுக்கு விட்டால் டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் படிக்கும், திருத்தியும் எழுதும். சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த உழைப்பே கடைசி உழைப்பாகிவிடலாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும் ரீசெட்டில் 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்கள் போய்விடும். டேட்டாவைத் தன் இன்ஸ்டால் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழைய புரோகிராம் இருந்தால், அந்த டேட்டாவும் சேர்ந்து போகும்.

லைவ் பென்டிரைவ் உங்கள் டிஸ்க்கைத் தொடாமலேயே எழும். வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது மின்ட் என்ற லினக்ஸ் வகையின் ஐஎஸ்ஓ ஃபைலை (மொத்த சிஸ்டமும் அடங்கிய ஒற்றை ஃபைல்) இறக்கி, ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேர் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றினால் போதும் (பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்). லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டி, எதிலிருந்து கிளம்புவது என்ற பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். உபுண்டு 'ட்ரை', 'இன்ஸ்டால்' என்று இரண்டைக் காட்டும். 'ட்ரை' மட்டும்தான். இன்ஸ்டால் பக்கம் கையே போகக் கூடாது.

டெஸ்க்டாப் வந்தால் அதுவே பாதி பதில்: திரை, கீபோர்டு, ரேம், போர்டு எல்லாம் அநேகமாக நன்றாக இருக்கின்றன. இதுவும் பாதியில் உறைந்தால் ரேமைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். அடுத்து ஃபைல் மேனேஜரில் விண்டோஸ் டிரைவைத் திறந்து, யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயரில் இருப்பதை அப்படியே எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இழுத்துவிடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் நிற்கும் வசதி) ஆனில் இருந்திருந்தால் டிரைவ் பெரும்பாலும் படிக்க மட்டுமே திறக்கும். நகல் எடுக்க அது போதும்.

அதன் பிறகு 'டிஸ்க்ஸ்' என்ற கருவியில் ஸ்மார்ட் டேட்டாவை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), பெண்டிங் செக்டர் (கெட்டதாகச் சந்தேகிக்கப்படும் இடங்கள்) என்ற இரண்டு வரிகளும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. எண் ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கில் ரிப்பேர் ஓட்டுவதே வீண், மாற்றிவிடலாம். எஸ்எஸ்டி விஷயத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அது முன்னறிவிப்பே இல்லாமல் ஒரேயடியாகப் போவதும் உண்டு.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். சில இன்டெல் மெஷின்களில் ஆர்எஸ்டி மோடு (டிஸ்க்கைக் கையாளும் இன்டெலின் தனி முறை) காரணமாக டிஸ்க்கே லினக்ஸுக்குத் தெரியாது. மெஷினின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸில் அதை மாற்றினால், பழையபடி வைக்கும்வரை விண்டோஸ் எழாமல் அடம்பிடிக்கலாம். எனக்குப் பழக்கம் விண்டோஸ் லேப்டாப்கள்தான், மேக்குக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நகல் கைக்கு வந்து, டிஸ்க்கும் நலம் என்றால், அப்போது தாராளமாக ஸ்டார்ட்அப் ரிப்பேருக்குப் போங்கள், அது தோற்றால் ரீசெட். கடைக்கே கொண்டுபோனாலும் அங்கே முதலில் கேட்பது "டேட்டா வேணுமா?" என்றுதான். "வேண்டாம், ஃபார்மட் அடிச்சிடுங்க" என்று தயங்காமல் சொல்லலாம்.