புதுக் காலிப்பருக்குப் பணம் வாங்கிக்கொண்டு, பழையதற்கே வெள்ளி பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள்

பெங்களூரில் பழைய சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள், முக்கியமாக முன் பிரேக் பிடித்துக்கொள்ளும் கோளாறோடு பணிமனைக்குப் போகவிருப்பவர்கள், இதை முழுவதும் படியுங்கள். எனக்கு 11,800 ரூபாய் வீணானது, உயிரும் போயிருக்கும்.

என்னுடையது 2011 மாடல் டீசல் பிக்கப். ஓசூரிலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் பூ ஏற்றி வருகிறேன். சென்ற மாதம் ஒருநாள் அத்திப்பள்ளியைத் தாண்டியதும் வண்டி இடது பக்கமாக இழுக்கத் தொடங்கியது. ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது இடது முன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியாத சூடும் கருகிய வாடையும் இருந்தன. வலது சக்கரம் வழக்கம்போல்தான் இருந்தது. அரை மணி நேரம் நின்ற பிறகு இழுப்பு தானாகவே நீங்கிவிட்டது. கோளாறின் மூலத்தைச் சொல்லும் அடையாளமே அதுதான் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

மைசூர் ரோட்டை ஒட்டிய ஒரு பணிமனையில் வண்டியை விட்டேன். அங்கிருந்தவர் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், இரண்டு காலிப்பர்களும் (ஆயில் அழுத்தத்தில் உள்ளிருக்கும் பிஸ்டன் நகர்ந்து, பேடு என்ற உரசு கட்டைகளைச் சக்கரத் தட்டின் மேல் அழுத்தும் பாகம்) போய்விட்டன, ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்றார். பேடுகளை இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்பது உண்மை என்பதால் நானும் நம்பிவிட்டேன். காலிப்பர் இரண்டுக்கு 8,400, பேடுகளுக்கு 1,900, கூலி 1,500 என்று கையால் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தார்கள், அதில் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, பாகத்தின் எண்ணும் இல்லை. பழைய காலிப்பர்களைக் கேட்டதற்கு, ஜே.சி. ரோட்டுக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அந்த இடத்திலேயே நான் பணத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள், பொம்மனஹள்ளி நெரிசலில் பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்னால் நின்ற பேருந்துக்கு ஒரு முழத்தில் நிறுத்தினேன். இம்முறை இரண்டு முன் சக்கரங்களும் கொதித்துக் கிடந்தன. இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடித்திருந்ததால் இழுப்பே தெரியாமல் போயிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3 என்ற வகைப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்றால், ஈரம் ஏறியதற்கு 140 டிகிரி இருந்தாலே போதும் என்பதுதான் தர அளவு. அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால், மிதி எவ்வளவு அமுங்கினாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

மிச்சத்தை ஸ்ரீராமபுரத்தில் உள்ள ஒரு முதிய மெக்கானிக் கண்டுபிடித்தார். வண்டியைத் தூக்கி, என்னைப் பிரேக்கை மிதித்து விடச் சொல்லிவிட்டு, இடது சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்; அசையவில்லை. காலிப்பரின் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடும் சிறு திருகைச் சற்றுத் தளர்த்தியதும் ஆயில் பீறிட்டது, சக்கரம் விடுபட்டுச் சுழன்றது. "தம்பி, நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் சுத்துதுன்னா, பிஸ்டன் மேல குத்தம் இல்ல. மேலேயிருந்து வந்த அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாம நிக்குது" என்றார். பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பாகத் தளர்த்தினார். காலிப்பருக்கு ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸுக்கு மேலே உள்ள இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்தியபோது சக்கரம் விடவில்லை. ஹோஸுக்குக் கீழே தளர்த்தியபோது விட்டது. ஹோஸின் உட்புறச் சுவர் ஊறி, ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாமல் அடைத்திருக்கிறது. வண்டியை நிறுத்தி வைத்தபோது இழுப்பு நீங்கியதும், அழுத்தம் மெல்லக் கசிந்து குறைந்ததால்தான்.

வலது பக்கத்தில் நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை. கழற்றியபோது, காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னிலும் பிஸ்டன் ரப்பரிலும் சாதாரண சேஸிஸ் கிரீஸை அப்பியிருந்தது தெரிந்தது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும்; பிரேக்குக்கென்று தனி கிரீஸ் உண்டு. நன்றாக இருந்த பக்கத்தையும் கெடுத்திருக்கிறார்கள். இடது காலிப்பரின் வெள்ளி பெயின்டைக் கத்தியால் சுரண்டியபோது, அடியில் துருவும், முன்பு ஒரு மெக்கானிக் அடையாளத்துக்கு அடித்த இரண்டு பஞ்ச் புள்ளிகளும் தெரிந்தன. அது என் பழைய காலிப்பரேதான். அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இரண்டு ஹோஸ், வலது பக்கத்துக்கு ரப்பர் கிட், புது ஆயில், ஏர் எடுக்கும் கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாயில் வேலை முடிந்தது. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் நான் கேட்காமலே அவர் என் கையில் கொடுத்தார்.

பழைய பணிமனைக்குப் போய்ப் புகைப்படங்களைக் காட்டினேன். அந்தச் சீட்டு தங்களுடையதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வண்டி ஓட்டுபவரையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அவர்கள் பணத்தைத் திருப்பாவிட்டால் போகத்தான் போகிறேன். பணம் கொடுத்ததற்கான யு.பி.ஐ. பதிவையும், சுரண்டிய காலிப்பரின் படங்களையும், நீளவாக்கில் அறுத்துப் பார்த்த அந்த ஹோஸையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.