தமிழ் ஆவணப்படத்துக்கும் 360 டிகிரிக்கும் ஃபவுண்டன்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஃபவுண்டன் ஒரு செயலி அல்ல, திரைக்கதை எழுதும் முறை. திரைக்கதை ஆசிரியர் ஜான் ஆகஸ்ட், இயக்குநர் ஸ்டூ மாஷ்விட்ஸ் ஆகியோர் முன்னின்று 2012இல் வெளியிட்டார்கள். வெறும் எழுத்துக் கோப்பில் தட்டினால் போதும். எது காட்சித் தலைப்பு, எது வசனம் என்று ஃபவுண்டனைப் படிக்கும் திரைக்கதைச் செயலி தானே கண்டுபிடித்து அடுக்கிவிடும். எந்தக் கணினியிலும் நோட்பேடில்கூடத் திறக்கும், காசும் கிடையாது.

சிக்கல் அந்தக் கண்டுபிடிப்பில்தான். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தால் அதைப் பாத்திரப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? அதனால் செயலிக்குச் செயலி ஒவ்வொரு கூத்து. சிலவற்றில் தமிழ்ப் பெயரே பிடிபடாது. சிலவற்றில் நேர்மாறு: பெரிய எழுத்தாக மாற்றினாலும் வரி மாறவில்லையே என்று ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் பெயராக்கி, மிச்சத்தை வசனமாக்கிவிடும். எனவே எதையும் ஊகிக்க விடாமல் குறி போட்டே எழுத வேண்டும்:

.பாம்பன் துறை – விடியற்காலை

!வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் கைகள் மட்டும்.

@மீனவர்
(கார்டு 3, 00:14:22)
காத்து மாறினா கரைக்கு வந்துருவோம்.

தலைப்புக்குப் புள்ளி, செயலுக்கு ஆச்சரியக்குறி, பேசுபவருக்கு @. அடைப்புக்குறி நடிப்புக் குறிப்புக்கான இடம். ஆவணப்படத்தில் அங்கே நடிப்புக்கு வேலையில்லை, எந்த மெமரி கார்டில் எந்த நேரத்தில் அந்தப் பேச்சு இருக்கிறது என்ற டைம்கோடைப் போட்டுவிடலாம். எடிட்டர் பைட்டை (பேட்டியிலிருந்து எடுக்கும் பேச்சுத் துண்டை) தேடி அலைய வேண்டியதில்லை.

இது உண்மையிலேயே கைகொடுப்பது பேப்பர் எடிட்டில், அதாவது படத்தை வெட்டுவதற்கு முன் எழுத்திலேயே அடுக்கிப் பார்ப்பதில். # போட்டுப் பகுதிப் பெயர், அதன் கீழே = போட்டு 'இந்தப் பகுதி எதை நிறுவுகிறது' என்று ஒரு வரி. பிறகு பைட்டுகளை வெட்டி ஒட்டி நகர்த்தலாம். = வரியை எழுத வராத பகுதி பெரும்பாலும் படத்துக்குத் தேவையில்லாத பகுதி. அச்சில் இந்த இரண்டும் வராது.

'திரைக்கதையில் ஒரு பக்கம், திரையில் ஒரு நிமிடம்' கணக்கை மறந்துவிடுங்கள். அது கூரியர் எழுத்துருவின் 12 புள்ளி அளவை நம்பிய கணக்கு; கூரியரில் தமிழ் எழுத்தே இல்லை. பிடிஎஃப் எடுக்கும்போது சில செயலிகள் கட்டம் கட்டமாகக் காட்டும், சிலவற்றில் கொம்பு தனியே நிற்கும். தமிழ் எழுத்துருவை மாற்ற வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வாய்ஸ் ஓவருக்கு ஆங்கிலத்தின் 'நிமிடத்துக்கு 150 சொல்' கணக்கும் உதவாது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல். வாய்விட்டுப் படித்து, ஸ்டாப்வாட்சில் வந்த நொடியை [[9 நொடி]] என்று பக்கத்திலேயே குறிப்பதுதான் நம்பகமான வழி. குறிப்புக்குள் காலி வரி விடாதீர்கள். குறிப்பு அங்கேயே அறுந்து மிச்சம் கதைக்குள் கொட்டிவிடும். அந்த வரியில் இரண்டு இடைவெளி தட்டினால் அறுபடாது.

இடப்பக்கம் படம், வலப்பக்கம் ஒலி என்ற இரு பத்தி வடிவம் இதில் கிடையாது. ஒலிப்பதிவுக்கு எப்படியும் தனி அட்டவணை போட வேண்டும். இது பெரிய குறைதான்.

ஹெட்செட் மாட்டிச் சுற்றிலும் திரும்பிப் பார்க்கும் 360 டிகிரிப் படத்துக்கு ஃபவுண்டனில் எந்த ஏற்பாடும் இல்லை. திசையைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்லிச் சமாளிக்கலாம். தொடக்கப் பார்வை 12 மணி, வலது 3, முதுகுப்புறம் 6. ஹெட்செட்டில் ஒரு நேரத்தில் தெரிவது சுமார் 90 முதல் 110 டிகிரிதான், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. '6 மணியில் படகு வருகிறது' என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்ப மாட்டார்கள். '6 மணியில் மோட்டார் சத்தம். 3 நொடி கழித்துப் படகு' என்று ஒலியை முன்னே வையுங்கள். காட்சி தொடங்கியதும் ஆள் சுற்றிலும் பார்ப்பார். முதல் 8–10 நொடிக்கு முக்கியமான தகவல் எதையும் பேசாதீர்கள். ஒரு காட்சி 4 மணியில் முடிந்தால், அடுத்த காட்சியின் முக்கியப் பொருளும் 4 மணிப் பக்கமே இருக்கட்டும், வெட்டு உறுத்தாது.

பார்ப்பவரே வழியைத் தேர்ந்தெடுக்கும் கிளைக்கதை என்றால், கதைத் துண்டுகளைப் பெட்டிகளாக வைத்து இணைக்கும் ட்வைன் என்ற மென்பொருளுக்கு மாற வேண்டும். அங்கே [[ ]] என்பது இணைப்புக்கான குறி. ஃபவுண்டன் கோப்பை அப்படியே ஒட்டினால் '9 நொடி' என்ற பெயரில் புதுப் பெட்டி முளைக்கும். ஒட்டுவதற்கு முன் குறிப்புகளை நீக்கிவிடுங்கள்.