மழை விட்ட பாட்டா, பிடிபடாமல் ஓடும் பாட்டா?

எழுபதுகளின் ராக் இசையில் உற்சாகம் என்றால் எனக்கு இரண்டு குழுக்களின் பாட்டுகளுக்குள்தான் போட்டி: எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ராவின் ‘மிஸ்டர் ப்ளூ ஸ்கை’, க்வீனின் ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’.

முதலாவது 1977-இல் வந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு மலைவீட்டில் பாட்டு வராமல் தவித்த குழுத் தலைவர் ஜெஃப் லின், மூட்டம் கலைந்து வெயில் அடித்ததும் எழுதியது. பியானோ, வயலின், கோரஸ் என்று 5 நிமிடத்தில் ஒரு கல்யாண விருந்தே இருக்கிறது. கடைசியில் ஓர் இயந்திரக் குரல் ‘என்னைத் திருப்பிப் போடு’ என்கிறது. இரட்டை இசைத்தட்டின் மூன்றாம் பக்கம் அங்கே முடிகிறது. கைப்பேசியில் கேட்பவர் எதைத் திருப்புவது?

க்வீன் பாட்டு மூன்றரை நிமிடம்தான். மெதுவாகத் தொடங்கும், அப்புறம் ஃப்ரெடி மெர்க்குரியின் பியானோ வேகமெடுத்தால் பிடிக்க முடியாது. பிரையன் மேயின் கிட்டார் ஒரு சோலோவுக்குத் தலைகாட்டிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

பிரிட்டன் தரவரிசையில் க்வீன் பாட்டு 1979-இல் 9-ஆம் இடம், லின் பாட்டு அதற்கு முந்தைய ஆண்டில் 6-ஆம் இடம். இன்று புகழில் க்வீன்தான் முந்துகிறது. ஓடப் போகும்போது நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் நூறாவது தடவையும் புதிதாக ஏதாவது காதில் விழுவது லின் பாட்டில்தான்.