மூன்று லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய்க்கு நான் வாங்கிய 30 கிரெடிட்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டிய காசைத் திருப்பிக் கேட்க இன்று காலை ஏழாவது தடவையாகக் கிளிநொச்சியில் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனேன். அந்தக் கந்தோர் மாடிப்படியில் ஒரு தம்பி பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மல்லாவியாம். அவனும் அமெரிக்கக் கணக்காளர் பரீட்சைக்குத்தான் வந்தானாம். நான் வாயைத் திறக்க முதல் உள்ளே இருந்து ஒரு பிள்ளை வந்து "வாங்கோ தம்பி, சேர் கூப்பிடுறார்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கு மட்டும் "சேர் மீற்றிங்கில நிக்கிறார் அக்கா". ஒரே சேர்தான்!

முறைப்பாடு கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டுகிறோம் என்று பலகை மாட்டிய, ஏசி போட்ட, சுவரில் நியூயோர்க் படம் ஒட்டிய மாடி அறை. அப்படி எத்தனை அறைகள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

நான் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வேலை செய்துகொண்டே மூன்று வருட வெளிவாரி வணிகப் பட்டம் முடித்தேன். நியூ ஜேர்சியில் இருக்கும் பெரியம்மாவின் மகன்தான், அந்த அண்ணாதான், சி.பி.ஏ. என்கிற இந்த அமெரிக்கக் கணக்காளர் பரீட்சை பற்றி முதலில் சொன்னான். அமெரிக்கா போகாமலே எழுதலாம், இந்தியாவில் சென்னையிலேயே பரீட்சை நிலையம் இருக்கிறது, ஆனால் எழுத முதல் உன் பாடங்கள் தகுதிக்குக் காணுமா என்று பார்த்துக்கொள் என்றான். பார்க்கத்தான் அந்த மாடி அறைக்குப் போனேன். பார்ப்பதற்கு மூன்று லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய்.

இப்போது எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா முழுவதற்கும் பரீட்சை ஒன்றுதான், ஆனால் யாரை உட்கார விடுவது என்று தீர்மானிப்பது ஒவ்வொரு மாநிலத்தின் கணக்காளர் சபை. பல மாநிலங்களில் பரீட்சைக்கு உட்கார ஒரு பட்டமும் 120 செமஸ்டர் கிரெடிட்டும் (படித்த பாடங்களின் அளவைக் கணக்கிடுகிற அலகு) இருந்தால் காணும். 150 என்பது லைசன்ஸ் எடுக்கும்போது வருகிற கணக்கு. அதிலும் ஒஹாயோ 2025 ஜனவரியில் சட்டம் மாற்றி, பட்டத்தோடு இரண்டு வருட வேலை அனுபவம் இருந்தாலும் போதும் என்று இன்னொரு வழி திறந்திருக்கிறது. மொத்த எண்ணிக்கை மட்டும் காணாது, கணக்கியலில் இத்தனை, வணிகப் பாடங்களில் இத்தனை என்றும் கேட்பார்கள். கலிபோர்னியாவில் அது 24ம் 24ம். நம்முடைய மூன்று வருடப் பட்டம் நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் 90 கிரெடிட். அந்த 90 அப்படியே அமெரிக்க 90 ஆகிவிடாது. மூன்று வருடப் பட்டத்தை அங்கே முழுப் பட்டமாக எடுப்பார்களா என்பதே முதல் கேள்வி. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தச் சபை ஏற்றுக்கொள்ளும் மதிப்பீட்டு நிறுவனத்தார். வவுனியாவில் மாடி அறையில் இருக்கிறவர் இல்லை.

அந்த மனிதர் ஒரு வெள்ளைத் தாளில் 90 என்று எழுதி, கீழே 30 என்று எழுதி, கோடு கீறி 120 என்று போட்டுக் காட்டினார். "30 கிரெடிட் நாங்கள் அமெரிக்கக் கொலீஜில ஒன்லைனில எடுத்துத் தாறம், அதில 24 கணக்கியல். விசயம் முடிஞ்சுது." இரண்டாம் வகுப்புக் கூட்டல். ஆலையில் ஒரு மூடை குறைந்தால் இரவு பத்து மணி மட்டும் இருந்து தேடுகிற நான், இந்தக் கூட்டலுக்குத் தலையாட்டினேன்.

ஆனால் உண்மையில் தலையாட்டியது கூட்டலுக்கு இல்லை. அதற்கு முதலே விழுந்துவிட்டேன். பால் தேத்தண்ணி வந்தது. "சொந்த இடம் எது தங்கச்சி?" என்று கேட்டார். விசுவமடு என்றேன். "அப்ப 2009இல?" போரின் கடைசியில் மாத்தளன், பிறகு மெனிக் பாம் அகதி முகாம் என்றேன். "எந்த வலயம்?" என்றார். அந்தக் கேள்வியை அங்கே இருந்தவர்களைத் தவிர வேறு யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நான்கு என்றேன். "நாங்கள் ரெண்டு. தண்ணி பவுசருக்குப் பின்னால ஓடின ஆக்கள் தங்கச்சி நாங்கள், எங்களுக்கு அமெரிக்கா ஒரு பெரிய விசயமே?" என்று சிரித்தார். எனக்கு அப்போது பதினொரு வயது, தண்ணிக் கான் தூக்கிக்கொண்டு ஓடியது இன்னும் கையில் இருக்கிறது. கண் கலங்கிவிட்டது. அவர் உண்மையில் அங்கே இருந்தாரோ இல்லையோ, இன்று வரை எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் இன்னும் மோசம்.

காசு மூன்று தடவையாகப் போனது. மதிப்பீட்டுக்கும் பதிவுக்கும் என்று 85,000. இது காலபோக நெல் விற்ற காசு, இரணைமடுத் தண்ணீரில் அம்மா செய்த இரண்டு ஏக்கர். பிறகு பாடநெறிக்கு 200,000, அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. கடைசியாகச் சான்றிதழ் எடுக்க 100,000, அது என் சீட்டுக் காசு. எல்லாம் ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு. கம்பனிக் கணக்கு ஏன் இல்லை என்று கேட்டதற்கு "வரிப் பிரச்சினை தங்கச்சி, நீங்கள் கணக்கு ஆள், விளங்கும்தானே" என்றார். விளங்கினதாகத் தலையாட்டினேன். கணக்கு ஆளாம்!

பாடநெறி என்பது வட்ஸ்அப்பில் வந்த பிடிஎப்களும், ஒவ்வொரு பாடத்துக்கும் இருபது கேள்விப் பரீட்சையும்தான். தணிக்கைப் பாடத்தை நாலு நாளில் முடித்தேன். சந்தேகம் வந்தது, கெட்டிக்காரி என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். புரட்டாதியில் தங்க முத்திரை போட்ட சான்றிதழும், ஒரு "மதிப்பீட்டு அறிக்கை"யும் வந்தன. அறிக்கையில் 120 என்றே இருந்தது. அதைப் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன்.

அவன் அங்கே விடிய எழும்பித் தேடிப் பார்த்தான், ஐந்து நிமிடம் எடுக்கவில்லை. அந்தக் கொலீஜ் அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் அங்கீகாரப் பட்டியலிலும் இல்லை, உயர்கல்வி அங்கீகார சபையின் பட்டியலிலும் இல்லை. அறிக்கை தந்த நிறுவனம் மாநிலச் சபை ஏற்கிற பெயர்களில் இல்லை. என்னுடைய பல்கலைக்கழகத்திலிருந்து பெறுபேற்றுப் பத்திரம் நேரே போயிருக்க வேண்டுமே, போனதா என்று கேட்டான். போகவில்லை. நான் கொடுத்த போட்டோக் கொப்பியை வைத்துத்தான் அந்த 120. எனக்குக் கை நடுங்கி போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் நடப்பதுதான். முதல் கிழமை "மெயில் போட்டிருக்கிறம்". அடுத்தது "அங்க சிஸ்டம் அப்டேற் நடக்குது". கார்த்திகையில் "அமெரிக்காவில நன்றி சொல்லுற பண்டிகை, ஒருத்தரும் வேலை செய்யினம் இல்லை". ஒரு நாள் கொழும்பில் நிற்கிறார், ஒரு நாள் மாமியார் செத்த வீடு. நீல டிக் விழும், பதில் வராது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போன நாள்தான் மனிதர் வெளியே வந்தார். பற்றுச்சீட்டைத் திருப்பி அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது, ஆலோசனைக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாதாம். மூன்று லட்சத்து எண்பத்தையாயிரமும் ஆலோசனையாம். "படிச்ச பிள்ளை, பொலிஸ் அது இது எண்டு திரிஞ்சா நாளைக்குக் கலியாணம் பேசேக்க உங்கட பேர்தான் அடிபடும்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துக்கூட இல்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது ஓமந்தை தாண்டியும் பேசவில்லை. மாங்குளத்தில் பஸ் நின்றபோதுதான், "தேத்தண்ணி தந்தவனே அவன்?" என்று மட்டும் கேட்டா.

அடுத்த நாளே பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன், நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்துப் பதிந்தேன். காசு வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

என்ன செய்யலாம் என்று நீளமாக எழுத நினைத்தேன், நேரம் பதினொன்றாகிவிட்டது, விடிய ஆலைக்குப் போக வேண்டும். எந்த மாநிலம் என்று கேட்காமல் கிரெடிட் கணக்குச் சொல்கிறவனிடம் நிற்காதீர்கள். காசு கட்ட முதல் அந்த மாநிலச் சபைக்கே மெயில் போடுங்கள். மதிப்பீட்டை நாஸ்பாவின் (மாநிலக் கணக்காளர் சபைகளின் தேசியச் சங்கம்) சொந்த மதிப்பீட்டுப் பிரிவிலேயே நேரே எடுக்கலாம், மாநிலம் முடிவு செய்யாதவர்களுக்கும் அங்கே ஒரு வகை இருக்கிறது. அதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும். குறையும் பாடத்தை மதிப்பீடு வந்த பிறகு எடுங்கள், முதல் அல்ல. தனி ஆள் கணக்குக்குக் காசு போடவே வேண்டாம்.

மல்லாவித் தம்பி, நீலச் சேட், கறுப்புப் பைல். உங்கள் பெயரைக் கேட்க நேரம் கிடைக்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைக் காட்டுங்கள். முதல் தவணை 85,000 கேட்பார்கள், நாளைக்கே கட்டச் சொல்வார்கள்.