ஆசாரிபள்ளம் சுகவாழ்வு மையம்: தொந்தரவு இல்லாத பெண்களும் போக வேண்டிய இடம்

நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்று உள்ள சுகவாழ்வு மையத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சிகிச்சை எடுத்தோம். பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் காரணம் புரியும்.

அவருக்கு ஆழ்கடல் போட்டில் வேலை. கொச்சியில் கரையேறி வீட்டுக்கு வந்தவருக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், கூடவே சீழ். முதலில் ஒரு மெடிக்கலில் கேட்டார். சீட்டுகூடக் கேட்காமல் சிப்ரோபிளாக்சசின் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எரிச்சல் நிற்கவே இல்லை. இது கொனோரியா என்ற பால்வினை நோய், அதன் கிருமி அந்த மருந்துக்கு எப்போதோ தப்பப் பழகிவிட்டது என்று மையத்து டாக்டர் சொன்னார். அந்தக் கடைமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மையத்தில் சீழைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சீழ் அணுக்களுக்குள் கிருமிகள் காப்பிக்கொட்டை மாதிரி இரண்டிரண்டாக ஒட்டியிருந்தால் அது கொனோரியாதான். சீழ் வடிகிற ஆண்களுக்கு இந்தச் சோதனையிலேயே அன்றைக்கே தெரிந்துவிடும்.

பெண்கள் விஷயம் வேறு. எனக்கு வலியோ, வெள்ளைப்படுதலோ எதுவும் இல்லை. “ஒண்ணும் இல்லன்னு வீட்ல இருந்துராத மக்ளே, பொம்பளைகளுக்கு நிறைய நேரம் வெளிய தெரியாது” என்றார் மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அக்கா. கதவைச் சாத்திவிட்டு, என் வீட்டுக்காரரை வெளியே உட்கார வைத்து, என்னிடம் தனியாகத்தான் பேசினார். கர்ப்பமா, மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். ஒரு வார்த்தைகூடக் குத்தலாக வரவில்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

கர்ப்பப்பை வாயிலிருந்து பஞ்சுக் குச்சியில் சாம்பிள் எடுத்தார்கள். அதில் கிருமி தென்படாவிட்டாலும் எனக்கும் மருந்து உண்டு என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். பெண்களுக்கு ஸ்லைடை மட்டும் நம்ப முடியாதாம். விட்டுவிட்டால் கிருமி கருக்குழாய் வரை ஏறி, பிள்ளை உண்டாகாமலே போகலாம். பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்கும் ஆபத்து.

சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்று தந்தார்கள். செஃபிக்சைம் 400 மில்லிகிராம், அசித்ரோமைசின் 1 கிராம். ஒரே வேளைதான், அங்கேயே விழுங்கச் சொன்னார்கள். காசு வாங்கவில்லை. அதிலும் அடங்காவிட்டால் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இருக்கிறதாம். இரண்டு பேரும் மருந்து எடுத்து 7 நாள் சேரக்கூடாது, அப்புறம் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். எச்ஐவி, சிபிலிஸ் ரத்தப் பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள்.

காலையில் ஓபி நேரத்திலேயே போய்விடுங்கள். வீட்டுக்காரரையும் கையோடு கூட்டிப் போங்கள், ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் போன் போட்டுப் பேசுங்கள். அது இலவசம், பெயரும் சொல்ல வேண்டியதில்லை.