ஸ்வீடனில் முகவரி பதிய விடாத வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்

உப்சாலாவிலோ ஸ்வீடனின் வேறு ஊர்களிலோ மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, தங்க இடம் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 85,000 ரூபாய் ஏற்பாட்டுக் கட்டணமும் மூன்று மாத வாடகை முன்பணமும் கொடுத்து ஏமாந்த பிறகு எழுதுகிறேன்.

திருச்சியில் உள்ள ஒரு கல்வி ஆலோசனை நிறுவனம் மூலம்தான் விண்ணப்பித்தேன். இடம் உறுதியானதும், "பெண் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள் சார். ஸ்வீடன் குடும்பம் ஒன்றோடு தங்கட்டும். மொழியும் வந்துவிடும், வீட்டுச் சாப்பாடும் உண்டு" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அவர் மனம் குளிர்ந்துவிட்டது. அறை வேண்டுமா என்று பல்கலைக்கழகம் கேட்ட மின்னஞ்சலை விட்டுவிடச் சொன்னவர்களும் அவர்கள்தான். கட்டணம் செலுத்திப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் குறித்த தேதிக்குள் கேட்டால், அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் தாங்களே அறைக்கு ஏற்பாடு செய்கின்றன. அந்தத் தேதி தாண்டிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் போய் இறங்கினேன். குடும்பம் என்று சொன்ன இடத்தில் ஓர் அம்மையார் மட்டும் இருந்தார். எனக்கு நிலவறையில் ஓர் அறை, ஃபிரிட்ஜில் ஓர் அடுக்கு. சாப்பாட்டைப் பற்றி அவரிடம் யாரும் பேசியிருக்கவே இல்லை. மாலை ஏழு மணிக்கு மேல் அடுப்பைத் தொடக் கூடாது, கடுகு தாளிக்கவே கூடாது. இதையெல்லாம் சகித்துக்கொண்டேன். "இந்த முகவரியில் பதிந்துகொள்ளாதே" என்று அவர் சொன்னதுதான் என்னை முடக்கிப் போட்டது.

ஓராண்டோ அதற்கு மேலோ தங்க வருகிறவர்கள் அங்கே வரித்துறையிடம் முகவரியைப் பதிய வேண்டும். அப்போதுதான் 'பெர்சோன்நம்மர்' என்னும் அடையாள எண் கிடைக்கும். அது இல்லாமல் வங்கி தரும் மின்னணு அடையாளமான பேங்க்ஐடி வாங்க முடியாது. பேங்க்ஐடி இல்லையென்றால் கைபேசியில் பணம் அனுப்பும் ஸ்விஷ் இல்லை. வகுப்புத் தோழர்கள் சாப்பாட்டுச் செலவைப் பங்கு போட்டு நொடியில் அனுப்பிக்கொள்ளும்போது, என் பங்கை ஒவ்வொரு முறையும் கடன் சொல்லி வந்தேன்.

அந்த வீட்டுக் கதவில் கடிதம் போடும் திறப்புக்கு மேல் குடியிருப்பவரின் பெயர் ஒட்டியிருக்கும். பெயர் இல்லாதவருக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் திருப்பி எடுத்துச் சென்றுவிடுவார். ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயரை எழுதி அம்மையாரின் பெயருக்குக் கீழே ஒட்டினேன். மாலையில் திரும்பியபோது பசையின் தடம் மட்டும் இருந்தது. மறுநாளும் ஒட்டினேன், மறுநாளும் கிழிக்கப்பட்டது.

அக்டோபரில்தான் நானும் அம்மையாரும் மனம் விட்டுப் பேசினோம். இன்னொருவர் அங்கே பதிந்தால் தனக்கு வரும் வீட்டு உதவித்தொகை போய்விடுமோ என்று அவர் பயந்திருக்கிறார். சில வாரங்களே தங்கும் விருந்தாளி என்றுதான் நிறுவனம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. நாங்கள் மாதம் 6,500 குரோனா கணக்கில் கட்டியிருந்தோம், அவர் கைக்குப் போனது 4,000. அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. எங்கள் இருவரிடமும் பொய் சொல்லிப் பிழைத்தவர்கள் மேல்தான் கோபம்.

பிறகு துணிந்து வரித்துறை அலுவலகத்துக்குப் போனேன். உண்மையில் வசிக்கும் இடத்தில் பதிவதற்கு வீட்டுக்காரரின் அனுமதி தேவையில்லை என்றும், குடிவந்த ஒரு வாரத்துக்குள்ளேயே தெரிவித்திருக்க வேண்டும் என்றும் அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். இரண்டு மாதம் வீணாகப் பயந்திருக்கிறேன்! இருந்தாலும் அந்த அம்மையாரோடு மல்லுக்கட்ட மனம் வரவில்லை. டிசம்பரில் மாணவர் குடியிருப்பில் ஓர் அறை கிடைத்ததும் மாறி, அங்கே பதிந்தேன்.

பணம் இன்னும் திரும்பவில்லை. கரூரில் இருக்கும் அப்பா அங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறார். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் எங்கள் ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும்தான் இருக்கிறது. வீட்டு முகவரி, வீட்டுக்காரரின் கைக்குப் போகும் வாடகை, அங்கே முகவரி பதியலாம் என்ற உறுதி, இந்த மூன்றும் எழுத்தில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள்தான். அப்பா அவற்றை அச்செடுத்து, தேதிவாரியாக மனுவோடு இணைத்திருக்கிறார்.