ஸ்கை தீவுக்குக் காரில்: பாலமா, படகா?

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குக் காரில் செல்ல மல்லெய்கிலிருந்து போகும் பெரிய படகு தவிர, பாலம், கிளெனெல்க் ஊரிலிருந்து போகும் சிறு படகு என இரு வழிகள் இன்றும் உண்டு. எதில் போவது என்று பலர் தயங்குகிறார்கள்.

செலவு
பாலம்: இலவசம். 1995-இல் திறந்தபோது சுங்கம் இருந்தது. மக்கள் விடாமல் போராடியதால் 2004 டிசம்பரில் ஒழிந்தது.
படகு: டிக்கெட் வாங்க வேண்டும்.

வசதி
பாலம்: ஆண்டு முழுவதும்.
படகு: ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை, ஒரு நடைக்கு ஆறு கார்கள். படகுத்துறைக்குப் போவதும் குறுகிய மலைச்சாலையில்தான்.

வரலாறு
பாலம்: அது வந்ததும், அதே இடத்தில் கைல் ஆஃப் லொகால்ஷ் ஊரிலிருந்து தீவுக்கு ஓடிய கார் படகுச் சேவை நின்றுபோனது.
படகு: 1969-இல் கட்டப்பட்ட 'கிளெனாகுலிஷ்' என்ற இந்தப் படகு முதலில் ஸ்காட்லாந்தின் வேறோர் ஊரான பல்லாகுலிஷில் ஓடியது. 1975-இல் அங்கும் பாலம் வந்து அதன் வேலையைப் பறித்தது. இதன் மேல்தளமே சுழலும். ஊழியர்கள் கையால் தள்ளித் திருப்பிக் கார்களைக் கரைக்கு நேராக நிறுத்துகிறார்கள். உலகில் இப்படி இயங்கும் கடைசிப் படகு இதுவே. ஊர் மக்களே அதை வாங்கி நடத்துகிறார்கள் என்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

அவசரப் பயணம், குளிர்காலம், பெரிய வண்டி என்றால் பாலம். கோடையில் அரை நாள் ஒதுக்க முடிந்தால் தயங்காமல் படகில் ஏறுங்கள். உங்கள் டிக்கெட் பணம்தான் அதை ஓட வைக்கிறது.